உடம்பு சொல்வதும் இரத்தம் சொல்வதும்

ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வரும் ஒருவருக்கு மருத்துவமனை வராந்தாவிலும் மருந்துக் கடையிலும் தவறாமல் கிடைக்கும் ஆறுதல் ஒன்று உண்டு: "இதற்குப் பக்கவிளைவே கிடையாது, தைரியமாகச் சாப்பிடுங்கள்." நல்லெண்ணத்தில் பிறந்த வாக்கியம்தான். ஆனால் அதை இனி யாரும் சொல்லாதிருப்பதே நோயாளிக்கு நல்லது என்பது என் கருத்து.

காரணம் எளிது. பக்கவிளைவே இல்லை என்று நம்பி மாத்திரையைத் தொடங்குகிறவருக்கு ஐந்தாம் நாள் சற்றுத் தலைவலிக்கிறது. யாருக்கும் வராதது தமக்கு மட்டும் வந்துவிட்டதாக அவர் அஞ்சுகிறார். வீட்டில் உள்ளவர்களும் அஞ்சுகிறார்கள். "இரண்டு நாள் நிறுத்திப் பாருங்களேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். இரண்டு நாள் பத்து நாளாகிறது. இன்னொரு வகை நோயாளி இருக்கிறார். அவருக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை. ஒரு மாதம் கழித்து வந்து, "மாத்திரை போட்ட மாதிரியே தெரியலீங்களே, இது வேலை செய்யுதுங்களா?" என்று கேட்கிறார். கேட்கிறவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேட்காமலே, "நமக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று இரண்டாம் மாத மாத்திரையை வாங்க வராமல் இருந்துவிடுகிறவரைப் பற்றித்தான் கவலை. இருவரும் உடம்பு சொல்வதைக் கேட்டு மருந்தை எடைபோடுகிறார்கள். இந்த நோயில் உடம்பின் சாட்சியம் செல்லாது.

முன்பு நிலைமை வேறாக இருந்தது. இந்தக் கிருமிக்கு 1989 வரை பெயரே கிடையாது. ஏ வகையும் அல்ல, பி வகையும் அல்ல என்று சொல்லப்பட்டுவந்த ஒரு கல்லீரல் அழற்சிக்குக் காரணமான வைரஸ் அந்த ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்டது. அந்த ஆராய்ச்சிக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹூட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டின் இரத்த வங்கிகளில் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை கட்டாயமானது 2001-இல். அதற்கு முன் பிரசவத்திலோ அறுவை சிகிச்சையிலோ விபத்திலோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், ஒரே ஊசியைப் பலருக்கும் போட்ட காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஆகியோரில் சிலர், இருபது முப்பது ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் வாழ்ந்து, அறுபது வயதில் வயிற்றில் நீர் கோத்துக்கொண்ட பிறகு எங்களிடம் வருகிறார்கள். மதுவைத் தொட்டே பார்த்திராத ஒரு மூதாட்டிக்குச் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் இருப்பதாகச் சொன்னால் குடும்பமே திகைத்துப்போகிறது. அந்தத் திகைப்பில் அவமானமும் கலந்திருக்கிறது. ஊர் என்ன நினைக்கும் என்ற எண்ணம் முதலில் வருகிறது, சிகிச்சை பற்றிய எண்ணம் பிறகுதான் வருகிறது.

அன்றைய சிகிச்சை இன்டர்ஃபெரான் ஊசி. வாரம் ஒருமுறை தோலுக்கு அடியில் போடுவார்கள். கூடவே நாள்தோறும் ரிபாவிரின் மாத்திரை. வைரஸின் வகையைப் பொறுத்து 24 வாரங்களோ 48 வாரங்களோ அது நீளும். ஊசி போட்ட இரவு குளிர்காய்ச்சலும் உடல்வலியும் வரும். முடி கொட்டும், எடை குறையும், வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இறங்கும். மனச்சோர்வு சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை போகும். இவ்வளவும் பட்டு முடித்தபின், முதல் வகை வைரஸ் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே குணம் கிட்டியது. அந்த மருந்து உள்ளே ஏதோ செய்கிறது என்பதில் அக்கால நோயாளி யாருக்கும் ஐயம் வந்ததில்லை, உடம்பு ஒவ்வொரு வாரமும் அதை அறிவித்துக்கொண்டிருந்தது. ஆனால் காய்ச்சல் வந்ததால் குணமானார் என்று எவரையும் சொல்ல முடியவில்லை. கடுமையாகத் துன்பப்பட்டவர்களில் பலருக்கு வைரஸ் அப்படியே இருந்தது. துன்பத்துக்கும் பலனுக்கும் அப்போதும் தொடர்பில்லை, இப்போதும் இல்லை.

வைரஸைப் பெருகவிடாமல் நேரடியாகத் தடுக்கும் புதிய மாத்திரைகளில் முக்கியமானது சோஃபோஸ்புவிர். அமெரிக்காவில் 2013 டிசம்பரில் அதற்கு அனுமதி கிடைத்தபோது ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். பன்னிரண்டு வாரத்துக்கு 84 மாத்திரை, 84,000 டாலர். 2015 முதல் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. பஞ்சாப் மாநில அரசு 2016-இல் இலவச சிகிச்சையைத் தொடங்கியது. 2018 ஜூலை 28, உலகக் கல்லீரல் அழற்சி நாளன்று, தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. அதன் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரு நகையை அடகுவைக்காமல் ஒரு நாட்பட்ட நோயிலிருந்து முழுமையாக விடுபட வழி இருப்பது நம் நாட்டு மருத்துவத்தில் அரிதான செய்தி. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் 55 லட்சம் பேருக்கு இந்தத் தொற்று உள்ளது. அவர்களில் பெரும்பாலோர் தமக்கு அது இருப்பதையே அறியார்.

கல்லீரல் சுருங்காதவர்களுக்குத் தேசியத் திட்டத்தில் சோஃபோஸ்புவிரும் டாக்ளாடாஸ்விரும், சுருக்கம் தொடங்கியவர்களுக்குச் சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும், இரண்டுமே 12 வாரங்கள். வயிற்றில் நீர், இரத்த வாந்தி, நினைவுத் தடுமாற்றம் போன்றவை வந்துவிட்டவர்களுக்கு இவற்றுடன் ரிபாவிரினும் சேரும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சிகிச்சை 24 வாரங்களாக நீளும்.

இனித் தொந்தரவுகளைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். தலைவலி, அசதி, இலேசான குமட்டல், சிலருக்குத் தூக்கக் குறைவு, சிலருக்கு வயிற்றுப்போக்கு. இவை வரலாம், வராமலும் போகலாம். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வந்து தாமாகவே தணியும். குமட்டுகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டாலே போதும். தூக்கம் கெடுகிறவர்கள் இரவு வேளையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பின் அந்த வேளை மாறக்கூடாது. வெயிலில் வரப்பில் நிற்கிறவருக்கு வரும் தலைவலியில் பாதி தண்ணீர் குடிக்காததால் வருவது.

வலிக்கு என்ன போடலாம் என்பதில் ஓர் எச்சரிக்கை. நடவும் அறுப்பும் முடிந்த மாலையில் உடம்பு வலிக்கு ஓர் ஊசி போட்டுக்கொள்வது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மருந்துகள் சுருங்கிய கல்லீரல் உள்ளவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், குடலில் இரத்தக் கசிவையும் உண்டாக்கும். இவர்களுக்குப் பாராசிட்டமால்தான் பாதுகாப்பானது. அதுவும் ஒரு நாளில் இரண்டு கிராமுக்கு மேல் போகாமல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு உட்பட்டு. 'பாராசிட்டமால் கல்லீரலுக்கு ஆகாது' என்று கேள்விப்பட்டு அதை ஒதுக்கிவிட்டு வலி ஊசிக்குப் போகிறவர்களைக் காணும்போது, அரைகுறைச் செய்தி எவ்வளவு தீங்கு செய்கிறது என்று தோன்றும்.

ரிபாவிரின் சேர்ந்தவர்களின் கதை தனி. அந்த மருந்து சிவப்பணுக்களை உடைக்கும். முதல் நான்கு வாரங்களுக்குள் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களுக்கு மாடிப்படி ஏறும்போதும் களத்துமேட்டில் நடக்கும்போதும் மூச்சு வாங்கினால், அது வயதாவதன் அறிகுறி என்று விட்டுவிடக்கூடாது. இரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் குறைத்தால் தீரும் தொல்லை அது. இதய நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால், கணவன் மனைவி இருவரில் யார் உட்கொண்டாலும் சிகிச்சைக் காலத்திலும் அது முடிந்த பிறகு பல மாதங்களுக்கும் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை மாதம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் செவிலியரிடம் கேளுங்கள்.

பக்கவிளைவு என்று பெயர் சூட்டப்படுவதில் கணிசமான பங்கு பக்கவிளைவே அல்ல. சர்க்கரை நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. மாத்திரையால் வைரஸ் குறையும்போது இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்குகிறது. ஆனால் சர்க்கரை மாத்திரையின் அளவு பழைய அளவாகவே இருக்கிறது. பதினொரு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டுகிறது. வீட்டார் கைகாட்டுவது புதிய மாத்திரையை. அதை நிறுத்துகிறார்கள். நிறுத்த வேண்டியதோ, குறைக்க வேண்டியதோ சர்க்கரை மாத்திரையை, அதுவும் மருத்துவரின் சொற்படி. சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் சர்க்கரை அளவை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். வார்ஃபரின் உட்கொள்கிற இதய நோயாளிகளுக்கும் இரத்தம் உறையும் தன்மை இதே காலத்தில் மாறக்கூடும்.

இன்னொன்று, நீங்கள் மருந்தென்றே கருதாத மருந்துகள். 'கேஸ் மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்கிக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் பான்டோபிரசோலும் ஒமிப்ரசோலும் பெரும்பாலான வீடுகளில் உப்பு புளி போல இருக்கின்றன. வெல்படாஸ்விர் உடலில் சேர்வதற்கு இரைப்பையின் அமிலம் வேண்டும். அமிலத்தை அடைத்துவிட்டு அந்த மாத்திரையைப் போட்டால், விழுங்கியதில் ஒரு பகுதி வீணாகும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை இம்மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் பலன் தராத நிலைக்கு இறக்கிவிடும். இதயத் துடிப்புக்காகத் தரப்படும் அமியோடரோனுடன் சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வேறு மருத்துவரிடம் போகும்போது இந்த நோயை மறைப்பதன் விலை இதுதான். மறைக்கிறவர்களை நான் கடிந்துகொள்வதில்லை, அவர்கள் ஏன் மறைக்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் உங்கள் பையில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், பக்கத்துத் தெருக் கிளினிக்கில் கொடுத்ததையும் சேர்த்து, ஒருமுறை எங்கள் மேசைமேல் கொட்டிவிடுங்கள்.

கீழாநெல்லியைப் பற்றி எழுதாமல் தஞ்சை மண்ணில் கல்லீரலைப் பற்றி எழுதி முடிக்க இயலாது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பதை நம் வீடுகளில் பாட்டிமார்கள் செய்து வந்திருக்கிறார்கள். அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். சென்னையில் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கும் சேர்ந்து அந்தச் செடியை முறையாக ஆய்ந்து 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். செடி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து பி வைரஸின் அடையாளம் மறைந்ததாக அந்த ஆய்வு சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறிடங்களில் செய்யப்பட்ட ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. அறிவியலில் அப்படி நேர்வதுண்டு. முதலில் ஆராய்ந்தவர்களுக்கு அதில் இழுக்கில்லை. நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்த ஆய்வு பி வகையைப் பற்றியது, சி வகையைப் பற்றியது அன்று. மேலும், அசுத்த நீராலும் உணவாலும் வரும் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே நீங்கும். கீழாநெல்லிக்குக் கிடைத்த பெயரில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. சி வகை நாட்பட்டுப் போனபின் தானாகப் போவது மிக அரிது. 84 நாட்களுக்கு மட்டும் மூலிகைகளை நிறுத்தி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். எது எதோடு மோதுகிறது என்று அறியாமல் இரண்டையும் ஒரே கல்லீரலின் மேல் ஏற்றவேண்டாம்.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். கல்லீரல் நோய் என்றதும் எண்ணெய் கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு கூடாது என்று குடும்பம் ஒரு வேலி கட்டிவிடுகிறது. மூன்று மாதம் மோர் சாதமும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டு, தோளும் தொடையும் வற்றி வரும் நோயாளிக்குக் காரணம் மாத்திரை என்று சொல்லப்படுகிறது. சுருங்கிய கல்லீரலுக்குப் புரதம் கூடுதலாகவே தேவை. முட்டை, விரால், பாசிப்பருப்பு, சுண்டல், பால் எல்லாம் உண்ணலாம். இரவு நெடுநேரம் வெறும் வயிறாக இராமல், படுக்குமுன் ஒரு தம்ளர் கஞ்சியோ இரண்டு இட்லியோ சாப்பிடுவது தசை கரைவதைத் தடுக்கும். உப்பைக் குறைக்க வேண்டியது வயிற்றிலோ காலிலோ நீர் கோத்தவர்கள். அவர்கள் அந்தச் சுட்ட அப்பளத்தைத்தான் முதலில் விடவேண்டும். மதுவுக்கு மட்டும் விலக்கே இல்லை. ஆனால் குடிக்கிறவருக்கு இந்தச் சிகிச்சையே கிடையாது என்று திருப்பி அனுப்புவதும் சரியன்று.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. கண் மஞ்சளித்தல், சிறுநீர் தேநீர் நிறமாதல், மலம் தார்போல் கறுத்தல், இரத்த வாந்தி, வயிறு உப்புதல், பகலில் தூங்கி இரவில் விழித்துப் பேச்சுக் குழறுதல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை பொறுக்காமல் அன்றே வாருங்கள். பழைய ஹெபடைட்டிஸ் பி தொற்று உடலில் பதுங்கியிருந்தால், சி வைரஸ் ஒடுங்கும்போது அது தலையெடுக்கலாம். சிகிச்சைக்கு முன்பே பி பரிசோதனை செய்வது இதற்காகத்தான்.

மருந்து பலித்ததா என்பதை அறிவது எப்படி? அசதி குறைந்தது, பசி எடுத்தது என்பதால் அறிய முடியாது. எஸ்.ஜி.பி.டி. அளவு சரியாகிவிட்டது என்பதும் நற்செய்தியே தவிரத் தீர்ப்பன்று. பெரும்பாலோரின் இரத்தத்தில் முதல் நான்கு வாரங்களுக்குள்ளேயே வைரஸ், பரிசோதனையில் தென்படாத அளவுக்கு இறங்கிவிடும். தனியார் ஆய்வகத்தில் அப்போது சோதித்துப் பார்த்து, 'வைரஸ் இல்லை' என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு மீதி இரண்டு மாத மாத்திரையை விட்டவர்கள் உண்டு. வயலில் தண்ணீருக்கு மேல் தெரியாத கோரைக்குக் கிழங்கு இருப்பதில்லையா? 84 மாத்திரையும் முடித்து, அதன்பின் மருந்தே இல்லாமல் இன்னொரு 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இல்லையென்றால் மட்டுமே குணம் என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துகிறோம். மிச்சம் மீதி ஏதேனும் இருந்தால் பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டு வாரங்களுக்குள் அது மீண்டும் பெருகிவிடும். எய்ட்ஸ் கிருமியைப் போலவோ பி வைரஸைப் போலவோ உயிரணுவின் உட்கருவில் நிரந்தரமாக ஒளிந்துகொள்ளும் திறன் சி வைரஸுக்கு இல்லை. ஆகவே அன்று இல்லையென்றால் இல்லைதான். நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு இது வாய்க்கிறது. வாய்க்காத சிலருக்கும் மறு சிகிச்சை உண்டு. ஆனால் அந்தச் சிலர் யார் என்பது பரிசோதனைக்கு வந்தால்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த நாளைத் தவறவிடுவதுதான் நம் பகுதியின் உண்மையான சிக்கல் என்று நான் எண்ணுகிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 அன்று ஒருவர் முதல் மாத்திரையைப் போடுகிறார் என்றால், கடைசி மாத்திரை செப்டம்பர் 3. பரிசோதனைக்குரிய நாள் நவம்பர் 26. குறுவை நாற்றோடு தொடங்கிய சிகிச்சை, குறுவை அறுப்பு நெருங்கும் வேளையில் மாத்திரையோடு முடிகிறது. தீர்ப்பு நாள் வரும்போதோ வடகிழக்குப் பருவமழை, வயலில் சம்பா, வடிகாலில் வெள்ளம். உடம்பில் குறையொன்றும் இல்லாத ஒருவர், தண்ணீர் நிற்கும் வயலை விட்டு, ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து, இரத்தம் கொடுக்க மட்டும் திருத்துறைப்பூண்டியிலிருந்தோ பேராவூரணியிலிருந்தோ தஞ்சாவூர் வருவார் என்று எதிர்பார்ப்பது எளிதன்று. அவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்லமாட்டேன். அந்த நாளை முதல் நாளிலேயே மாத்திரை அட்டையின் மேல் எழுதித் தருவதும், இரண்டு வாரம் முன்னதாகத் தொலைபேசியில் நினைவூட்டுவதும், இயன்றவரை அருகிலுள்ள மருத்துவமனையிலேயே இரத்தம் எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்வதும் சிகிச்சை தரும் மருத்துவமனைகளின் கடமை என்றே சொல்வேன். இலவசமாக மாத்திரை தந்துவிட்டு விளைவைப் பார்க்காமல் விடுவது, விதைத்துவிட்டுக் கதிரைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒப்பாகும். நோயாளிக்கு நான் சொல்வது ஒன்றே: நவம்பர் 26-க்கு முன்பு வரவேண்டாம், பின்பு வரலாம். மழை விட்டு டிசம்பரில் வந்தாலும் சரி, தை அறுப்பு முடிந்து வந்தாலும் சரி, வராமல் மட்டும் இருக்கவேண்டாம்.

இடையில் ஒரு வேளை மறந்துவிட்டால் அதே நாளில் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் வந்துவிட்டால் வழக்கமான ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. மாதத்தில் ஒருமுறை மறந்ததால் எல்லாம் போயிற்று என்று மனம் உடைய வேண்டியதில்லை. தொடர்ந்து பல நாட்கள் விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது சாலையும் மின்சாரமும் இன்றி அன்றாட மாத்திரைக்காரர்கள் பட்ட பாடு வேதாரண்யத்தாருக்கும் பட்டுக்கோட்டையாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த புட்டியை வாங்கிவிடுங்கள். நனையாத ஒரு டப்பாவில், பெயர் எழுதிய சீட்டோடு வையுங்கள்.

குணமானபின் வரும் ஒரு குழப்பத்தையும் சொல்லவேண்டும். எலிசா முறையில் பார்ப்பது வைரஸை அன்று, வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. அது குணமான பிறகும் பல ஆண்டுகள், பலருக்கு வாழ்நாள் முழுவதும், இரத்தத்தில் இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் வேறொரு மருத்துவமனையில் சோதித்து 'சி பாசிட்டிவ்' என்று சொன்னதும், நோய் திரும்பிவிட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிடக் கொடியது வேலை தேடும் இளைஞரின் நிலை. வளைகுடா நாடுகளுக்குச் செல்வோருக்கான மருத்துவப் பரிசோதனையில் இந்த எதிர்ப்பொருளும் பார்க்கப்படுகிறது. முழுமையாகக் குணமான ஒருவர், கடன் வாங்கி முகவரிடம் பணம் கட்டியபின், ஒரு பழைய தழும்பை நோயாகக் கணக்கிட்டதால் 'தகுதியற்றவர்' என்ற முத்திரையோடு திரும்புவது அநீதி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கும்போது எதிர்ப்பொருளை மட்டும் பார்த்து ஒருவரின் பிழைப்பை முடிவுசெய்ய மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. சான்றை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் விதி. ஆயினும் பன்னிரண்டாம் வார ஆர்.என்.ஏ. முடிவையும், குணமடைந்தார் என்ற மருத்துவரின் கையெழுத்திட்ட சான்றையும் கேட்டு வாங்கி, பத்திரத்தை வைப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். முகவரிடம் பணம் கட்டுவதற்கு முன் அதைக் காட்டிக் கேளுங்கள்.

எதிர்ப்பொருள் இருப்பதால் மறுபடி தொற்றாது என்று எண்ணவும் வேண்டாம். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஒருமுறை வந்து போனது காப்பாகாது. திருவிழாக் கடையில் பச்சை குத்தும் ஊசி, பிறர் பயன்படுத்திய சவரக் கத்தி, முறையற்ற இடத்தில் போடும் ஊசி, இவற்றின் வழியே மீண்டும் வரலாம். ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ, பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதாலோ வராது. தாத்தாவின் தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் வீடுகள் அதை இன்றே மற்றத் தம்ளர்களோடு சேர்த்துவிடலாம். இணையரும் பிள்ளைகளும் ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது.

சிகிச்சை தொடங்கும் முன்பே கல்லீரல் சுருங்கியிருந்தவர்களுக்கு மட்டும் வேலை இன்னும் முடியவில்லை. வைரஸ் போனாலும் தழும்பு முழுவதும் போவதில்லை. அந்தத் தழும்பில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு குறையுமே தவிர அற்றுப்போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். உணவுக்குழாய் இரத்த நாளங்கள் வீங்கியிருந்தவர்கள் எண்டோஸ்கோபி எப்போது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டி இரண்டு சென்டிமீட்டரில் கண்டுபிடிக்கப்பட்டால் செய்யக்கூடியவை பல. வலி வந்தபின் வருகிறவருக்கு எங்களால் செய்யக்கூடியவை சில. தையிலும் ஆடியிலும் என்று இரண்டு மாதங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், தேதியை வெளிநோயாளர் பிரிவில் கேட்டுப் பெறலாம். வரும்போது பழைய ஸ்கேன் படங்களையும் எடுத்து வாருங்கள்.